என் கிட்டாரில் அவன் பாட்டு

1997 மே 18, ஞாயிறு

கோடை இசை விழாவில் நாங்கள் ஆங்கிலத்தில் பாடி இறங்கினோம். நாலு பேர் கை தட்டினார்கள். அடுத்தது பொள்ளாச்சிப் பையன்களின் குழு. மேடை ஏறும் நேரத்தில் அவர்கள் பாடகனின் கிட்டார்க் கம்பி அறுந்துவிட்டது.

“ஏனுங்கண்ணா, உங்க கிட்டாரக் கொஞ்சம் தாரீங்களா? பாடிப்போட்டுத் தந்தர்றனுங்க” என்றான்.

இவ்வளவு மரியாதையாகக் கேட்பவனிடம் எப்படி இல்லை என்பது?

சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, நம் ஊர்ப் பேச்சிலேயே தான் எழுதிய பாட்டைப் பாடினான். மைதானமே எழுந்து ஆடியது. என் கிட்டாருக்கு இப்படியொரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. பாவி.

“நல்ல கிட்டாருங்கண்ணா” என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். திமிராகவாவது இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

அவன் இறக்கிய சுருதியை நான் இன்னும் ஏற்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவன் பாட்டை வாசித்துப் பார்த்தேன். அந்தக் குரல் வரவில்லை.