பாட்டிலுக்குக் கேட்ட மருந்து

நம் சின்னவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலியும் சின்னவளின் காய்ச்சலும் எப்படி இருக்கின்றன? எழுதக் கற்றுக்கொண்டேன்; இது நானே எழுதுவது. முன்பு எனக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் என் கோபத்தை வடிகட்டிவிடுவார். இனி அது நடக்காது.

நான் பாட்டில் கழுவும் ஆய்வுக்கூடத்தில், சின்னவளுக்கு வந்த அதே ரத்தப் புற்றுநோயின் செல்களைப் பாட்டிலில் வளர்க்கிறார்கள். முதிராமல் பெருகிக்கொண்டே இருப்பவை. ஒரு மருந்தை விட்டதும் சில நாளில் முதிர்ந்து, பெருகுவதை நிறுத்தி, அடியில் ஒட்டிக்கொண்டன. அங்கே ஆய்வு செய்யும் டாக்டரம்மா காட்ட, நுண்ணோக்கியில் என் கண்ணால் பார்த்தேன்.

"என் பொண்ணுக்கும் கொஞ்சம் குடுங்கம்மா" என்றேன் டாக்டரம்மாவிடம்.

"பாட்டில்லதான் கேக்குது ஐயா. மனுஷங்களுக்குக் குடுக்க வருஷக்கணக்காகும்."

"பாட்டிலுக்கா காய்ச்சல் அடிக்குது?" என்று கத்திவிட்டேன். வேலை போகவில்லை, பயப்படாதே. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

வேலைக்கு மணி அடிக்கிறது. சின்னவளை நாலு வரி எழுதச் சொல். கை நடுங்கினால் பரவாயில்லை. என் எழுத்தும் அப்படித்தான் இருக்கிறது.