பொட்டலம் கட்டிய கை

ஈர வாழை இலையும் நந்தியாவட்டையும் கலந்த வாசம் வீடு முழுவதும். அம்மா இலைத் துண்டில் இரண்டு பொட்டலங்கள் கட்டிச் சாமி படத்துக்கு முன் வைத்திருக்கிறாள். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் செவ்வரளி. வெள்ளை வந்தால் வாசுதேவநல்லூர் மாப்பிள்ளைக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்லவர் என்கிறார்கள். கல்யாணம் ஆனதும் நான் பள்ளி வேலையை விட்டுவிட வேண்டும்.

என் கை போனுக்குத்தான் போனது. உன் எண்ணை இன்னும் அழிக்கவில்லை. நீ இறந்து பதினோரு மாதம்.

சுடிதாரின் நிறத்திலிருந்து, எழுதிய கவிதையைக் கிழிப்பதா வைப்பதா என்பது வரை உன்னிடம் கேட்ட தோழி நான். இலத்தூர் பஸ்ஸிலிருந்து நீ இறங்குவதற்குள் ஜன்னலோரம் வந்து கேட்பேன். மற்றவர்களிடமும் கேட்பேன். யார் பேசினாலும் அவர்கள் சொன்னவளாக இருப்பேன். அவர்கள் போன பிறகு, நான் யாருமில்லை.

எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போவதா என்று திணறியபோது நீ சிரித்தாய்.

"ஏட்டி, ஊர்ல ஒரு ஆளு விடாம கேட்டுட்ட. சாமி மட்டுந்தான் மிச்சம். வா."

தென்காசிக் கோபுர வாசலில் காற்று நம் துப்பட்டாக்களைப் பிடித்து இழுத்தது. உள்ளே, நீ தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று பொட்டலம் கட்டினாய். வெள்ளை என்றால் போகலாம். நான் எடுத்ததில் வெள்ளை. மற்றதைப் பிரிக்காமலே உள்ளங்கையில் கசக்கிக்கொண்டாய்.

"சாமியே சொல்லிட்டுல்லா. பெட்டியக் கட்டு."

போனேன். இரண்டு ஆண்டு. படித்துத் திரும்பிய ஆனியில் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் நெரிசல். நனைந்த முடியைப் பிழிந்துகொண்டே சொன்னாய்.

"அன்னைக்கு ரெண்டுலயும் வெள்ளதான்."

நான் உன் பக்கம் திரும்பினேன்.

"மொதல்ல ரெண்டுலயும் செவப்புதான் வச்சேன். நீ போயிட்டா நான் யார்ட்ட பேச? பெறவு மாத்திட்டேன்."

"ஏன் மாத்தின?"

"தெரியலட்டி. பயமா இருந்துச்சு."

நான் படித்தது, எழுதியது, இன்று நான் என்று சொல்லிக்கொள்வது எல்லாமே தூணுக்குப் பின்னால் உன் விரல்கள் தயங்கிய ஒரு நிமிடத்தில் வந்தவை. நான் வழி கேட்ட இடத்தில் வழி தெரிந்தவர் யாரும் நிற்கவில்லை.

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஆறு நாள். ஐந்தாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"எனக்குச் சரியாயிருமாட்டி? நீ சொல்லு."

முதல் முறையாக நீ என்னிடம் கேட்டாய்.

"ஆயிரும்," என்றேன். நீ நம்பினாய்.

"என்னட்டி முழிக்க? கண்ண மூடிட்டு ஒண்ண எடு," என்கிறாள் அம்மா. அவள் முகத்தை அல்ல, கைகளைப் பார்க்கிறேன். அவை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குமே தெரியாமல் இருக்கலாம்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்மா."

"எடுக்காமலேயா? எவட்டி ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல."

அதைச் சொன்ன பிறகுதான் பயம் முழுதாக வந்தது. தவறிப்போனால் கைகாட்ட ஒரு பெயர்கூட இல்லை. அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். உனக்கு "ஆயிரும்" என்று சொன்ன அதே குரலில்தான் வேண்டாம் என்றும் சொன்னேன். அது ஒருமுறை பொய்த்த குரல். என்னிடம் வேறு குரல் இல்லை.