ஆட்சேபணை இல்லை

ஜூன் 3

அன்புள்ள வாயாடிக்கு,

சிடுமூஞ்சி எழுதுவது. நலமா என்று கேட்கமாட்டேன். கம்பெனி வக்கீலுக்கு என்ன குறைச்சல்?

அம்மாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எப்போது ஊர் திரும்புவேன் என்று தெரியவில்லை. போனில் கேட்டால் நீ பேசியே நழுவிவிடுவாய், அதனால்தான் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாது பார்.

சைக்கிள் கடை மாடியில் நான் நடத்தும் இலவச சட்ட உதவி அறையைச் சனிக்கிழமைகளில் நீ திறக்க வேண்டும். "ஒருநாள் கண்டிப்பா வரேண்டி" என்று காலேஜ் முடித்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்த ஒருநாள் வந்துவிட்டது. சனிக்கிழமை வீட்டில் அப்படி என்ன வெட்டி முறிக்கிறாய்? வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வழக்கே கிடையாது. தங்கள் பேச்சை ஒரு வக்கீல் உட்கார்ந்து கேட்டால் போதும் அவர்களுக்கு.

ஒரே ஒரு வழக்குதான் அவசரம். தையற்காரம்மா என்று ஒருவர். கட்டட வேலைக்குப் போன கணவர் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் இருக்கிறார். மூன்றாம் மாடியில் வாடகை வீடு. கட்டடத்தைப் புதிதாக வாங்கியவர் எல்லோரையும் கிளப்பிவிட்டு இடிக்கப் பார்க்கிறார். இவர்களைக் காலி செய்யக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கி வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி விசாரணை. அந்தத் தடை ஒன்றுதான் அவர்களுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. சாவி சைக்கிள் கடைக்காரரிடம்.

கோபமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அன்பும் உள்ள,
சிடுமூஞ்சி


ஜூன் 9

என் அருமைச் சிடுமூஞ்சிக்கு,

அம்மா எப்படி இருக்கிறார்? என் சார்பில் அவர் கையைப் பிடித்துக்கொள்.

போனேண்டி, போனேன். உன் மின்விசிறி சத்தம் போடுகிறதே தவிர காற்றைக் காணோம். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு மரத்தின்மேல் கேஸ் போட வேண்டும் என்றார். "வீட்டுக்காரர் மேலயா?" என்றேன். "ஐயோ, அவர் நல்ல மனுஷன். மரம்தான் சரியில்ல" என்றார். சிரிப்பை அடக்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு மனு எழுதிக் கொடுத்தேன், கும்பிட்டுவிட்டுப் போனார்.

உன் தையற்காரம்மா வந்தார். பேசும்போதே மடியில் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "மாடிப்படி பல்பை யாரோ கழட்டிட்டுப் போயிடறாங்கம்மா. நான் வாங்கிப் போட்டா அதையும் கழட்டறாங்க. இருட்டுல சுவத்தைப் பிடிச்சுட்டுதான் ஏறி இறங்கறோம்" என்றார். முதல் மாடிக்காரர்கள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்களாம். இப்போது கட்டடத்தில் இவர்கள் மட்டும்தான்.

இன்னொன்று. மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஓர் ஆள் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்ன பிரச்சினை என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு." நான் கதவைப் பூட்டும்வரை இருந்தான். என் பின்னாலேயே படி இறங்கினான். 

ஆனால் கவலைப்படாதே. எதிர்த்தரப்பு வக்கீல் யார் தெரியுமா? என் சீனியர்! எனக்கு கவுன் மாட்டிவிட்ட மனிதர். தங்கமானவர்.

உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்குத் திரும்பும்போது மனசு நிறைந்திருந்தது. ஃபீஸ் இல்லை, டென்ஷன் இல்லை. விடுமுறைக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

உன் செல்ல,
வாயாடி


ஜூன் 14

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா நேற்று "தண்ணி" என்றாள். ஒரே ஒரு சொல். நான் ஓடிப்போய் நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் பயந்தே போனார்.

நீ அறைக்குப் போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் விடுமுறை என்று எழுதியிருந்தாயே, அது கொஞ்சம் உறுத்தியது. நான் சிடுமூஞ்சி, அப்படித்தான் உறுத்தும். விடு.

அந்த ஹெல்மெட் ஆள் விஷயம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்தக் கட்டடத்து இரண்டாம் மாடிக்காரர் வாசலுக்கு எதிரே இப்படித்தான் ஒருவன் தினமும் வந்து உட்கார்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு கல்லை எறியவில்லை. அடுத்த வாரமே அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யாரையாவது துணைக்கு வைத்துக்கொள். தனியாகப் படி இறங்காதே.

உன் சீனியர் தங்கமாகவே இருக்கட்டும். தங்கத்தையும் உரசிப் பார்த்துத்தான் வாங்குவோம். மற்றபடி கோர்ட்டில் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குப் போய் நான் பாடம் எடுப்பதா?

உன்னை நம்பியிருக்கும்,
சிடுமூஞ்சி


ஜூன் 20

என் அருமைச் சிடுமூஞ்சிக்கு,

அம்மா பேசியதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி பார், உன்னைத் திட்டக்கூட ஆரம்பித்துவிடுவார்.

இன்று விசாரணை நல்லபடியாக முடிந்தது. நம் முறை வருவதற்கு முன்பே சீனியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உடம்பு சரியில்லம்மா, ரெண்டு வாரம் தள்ளி வெச்சுக்கலாமா? நீ மறுக்கமாட்டேன்னு தெரியும்" என்றார். பாவம், இருமல் வேறு. நீதிபதி என்னைப் பார்த்தார். "ஆட்சேபணை இல்லை" என்றேன். தேதி போட்டார், முடிந்தது. நான் வேறு கோர்ட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. அங்கே என் கம்பெனி வழக்கு காத்துக்கொண்டிருந்தது.

வராந்தாவில் தையற்காரம்மா நின்றிருந்தார். "தடை இருக்குல்லம்மா?" என்றார். "இருக்கு, நிம்மதியாப் போய்த் தைங்க" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

ஹெல்மெட் ஆளும் வந்திருந்தான், கடைசி வரிசையில். நீதிபதி தேதி சொன்னதும் முதல் தடவையாக அவன் சிரித்ததைப் பார்த்தேன். எதற்குச் சிரித்தான் என்று தெரியவில்லை. நாளைக்கு வெளியூர் வழக்குக்குக் கிளம்புகிறேன். திரும்பி வந்து விவரமாக எழுதுகிறேன்.

அவசரத்தில்,
உன் வாயாடி


ஜூன் 24

வாயாடி,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசல் போனிலிருந்து உன் ஆபீஸைக் கூப்பிட்டேன். "மேடம் வெளியூர்ல இருக்காங்க" என்கிறார் குமாஸ்தா. தந்தியும் கொடுத்திருக்கிறேன்.

தடையை நீட்டிக்கக் கேட்டாயா? அடுத்த விசாரணை வரைக்கும் என்றுதானே நீதிபதி கொடுத்திருந்தார்! கேட்கவில்லை என்றால் இருபதாம் தேதியோடு அது முடிந்துவிட்டது. வாய்தாவுக்கு ஒத்துக்கொள்ளும்போது "தடை தொடர வேண்டும்" என்று ஒரு வரி சொன்னாயா? சொன்னேன் என்று எழுது. என் தலையில் அடித்துச் சத்தியமாகச் சொன்னேன் என்று எழுது.

உன் கம்பெனி வழக்கில் இதை மறப்பாயா நீ? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாயே!

சொல்லவில்லை என்றால், இதைப் படிக்கிற இடத்திலிருந்தே எழுந்து கோர்ட்டுக்கு ஓடு.

சிடுமூஞ்சி


ஜூன் 30

சிடுமூஞ்சி,

கேட்கவில்லை. மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அது என் நினைப்பிலேயே இல்லை.

நான் ஊரில் இல்லாதபோது இருபத்திரண்டாம் தேதி காலையிலேயே வந்துவிட்டார்கள். ஆட்கள், ஒரு போலீஸ்காரர், அந்த ஹெல்மெட்காரன். "தடை இருக்குங்க, வக்கீலம்மா சொன்னாங்க" என்று தையற்காரம்மா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவன் கோர்ட் உத்தரவின் நகலைக் காட்டி, "தேதி முடிஞ்சு போச்சும்மா" என்றானாம், ரொம்ப மரியாதையாக. கணவரை மெத்தையோடு தூக்கி இருட்டுப் படியில் இறக்கினார்கள். தையல் மிஷின் படியில் உருண்டு உடைந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர்தான் அவர்கள் இரண்டு பேரையும் உன் அறையில் தங்கவைத்திருக்கிறார். கட்டடத்தில் ஜன்னல்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் தவறால் தடை விட்டுப்போனது என்று நான் எழுதிக் கொடுத்தால், வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போடக்கூடும். மூன்று தடவை எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் கை நின்றுவிடுகிறது. அப்படி எழுதிக் கொடுத்த வக்கீலிடம் எந்தக் கம்பெனி வரும் சொல்லு?

சீனியரிடம் போய்க் கத்தினேன். அவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "ஃபீஸ் வாங்காம செஞ்ச வேலைக்கு யாரும்மா கணக்கு கேக்கப் போறாங்க? போய் நீயா தலையைக் குடுக்காதே." அசிங்கமாக இருந்தது. ஆனால் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

அவர்களுக்கு வேறு வீடு பார்த்துத் தருகிறேன். புது மிஷின் வாங்கித் தருகிறேன். கையெழுத்து மட்டும் கேட்காதே.

வாயாடி


ஜூலை 4

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவைச் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறேன். அம்மா என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்களைப் பிரித்துவிட்டு வந்தேன்.

அறையில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தையற்காரம்மாவின் கணவரைப் படுக்கவைத்திருக்கிறார்கள். முதுகில் புண் வந்துவிட்டது. புது மிஷின் வேண்டாமாம், வைக்க இடமில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதி, வக்கீலின் தவறு என்று குறிப்பிட்டு, தையற்காரம்மாவின் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் பேனாவைத் தொடவில்லை. "வேண்டாம்மா. அந்தம்மா நம்மகிட்ட காசே வாங்கலையே. ஓசியில செஞ்சவங்களை எப்படிம்மா குத்தம் சொல்றது?" என்றார். காசு கொடுத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பார். தங்கள் சீனியர் சொன்னதை நான் தாங்கிக்கொண்டேன். அதையே இவர் சொன்னபோது தாங்க முடியவில்லை. எத்தனை வருஷமாக நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வக்கீல்களைச் சேர்த்தது, இவர்கள் கேள்வி கேட்கவும் கூசும்படி ஆக்குவதற்கா? சைக்கிள் கடை வாசலில் நின்று அழுதேன். இதை இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது.

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும் என்று அவருக்குப் புரியவைக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பிறகு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். ஆகும் என்றேன்.

மனுவைத் தாக்கல் செய்துவிட்டேன். தங்களைச் சாட்சியாக அழைக்கக் கேட்டேன். நீதிபதி அனுமதித்துவிட்டார். எட்டாம் தேதி காலை. சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கூண்டில் தங்களைக் கேள்வி கேட்கப்போவது நான்தான். பழகிய முகம் என்று பார்க்கமாட்டேன்.

இப்படிக்கு,
தையற்காரம்மாவுக்காக ஆஜராகும் வழக்கறிஞர்