உலகு செய்த செயலியும் நான் செய்த உதவியும்

பிப்ரவரி 10, திங்கள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் காலையில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. டிரைவர் கோவில்பட்டிக்காரன். இறங்கி டீ குடித்துக்கொண்டே, தன் மாமனார் சந்தையில் எருமை வாங்கப் போய்க் கழுதையோடு திரும்பிய கதையைச் சொன்னான். நல்ல கதைதான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உலகுவைப் பற்றி.

உலகம்மாள் என் மனைவி. தென்காசியில் கம்ப்யூட்டர் படிப்பு முடித்தவள். என்னைக் கட்டி திருவனந்தபுரம் வந்தபிறகு அந்தப் படிப்பு பெட்டிக்கடியில் கிடந்தது. இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் கழக்கூட்டத்தில், இப்படி வீட்டோடு நின்றுபோன பெண்களுக்கு ஒரு பயிற்சி நடக்கிறது. சாப்ட்வேரை வடிவமைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடைசியில் ஒவ்வொருத்தியும் நிஜமான ஓர் இடத்துக்கு ஒரு செயலி செய்து, கம்பெனிக்காரர்கள் முன்னால் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் வேலை. உலகு எடுத்துக்கொண்டது நான் வேலை பார்க்கும் பருப்புக் கடையை. வெளியூர்க் கடைக்காரர்கள் கேட்கும் சரக்கு, மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் இருக்கும் எங்கள் கைப்போனுக்கு வந்துவிடுமாம். நாங்கள் பார்த்து மூட்டை எடுத்து வைக்க வேண்டும்.

சனிக்கிழமை முழுக்கக் கிட்டங்கியில் நின்று வேடிக்கை பார்த்தாள். "எப்பம்மா கம்ப்யூட்டர் வேலைய ஆரம்பிக்கப் போற?" என்றேன்.

"இதான் அத்தான் வேல. பாக்கதுதான் பாதி" என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று வரைந்த தாள்களையெல்லாம் இன்று கிழித்துப் போட்டுவிட்டு, முதலில் இருந்து வரைகிறாள். முகத்தில் வருத்தமே இல்லை. நான் ஒரு மூட்டையைத் தப்பாக அடுக்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று முதல் சோதனை. பயிற்சி கொடுக்கும் ரெம்யா மேடமும் கடைக்கு வந்தார்கள். மலையாளம்தான், ஆனால் எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசினார்கள். சோதனைக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். போனை என் கையில் கொடுத்துவிட்டு, செய்தவள் பின்னால் நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. நான் முழித்தாலும் சரி, வேர்த்தாலும் சரி.

எனக்கு நன்றாகவே வேர்த்தது. நான் பள்ளிக்கூடம் போகாதவன். டீக்கடைப் பேப்பரில் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் எழுதவும் பழகியது. ஆற்றிங்ஙல் கடைக்கு உளுந்து என்று வந்தது, படித்துவிட்டேன். அதன் பக்கத்தில் வாய் அகன்று, மேலே மூடி போட்ட ஒரு சின்னப் படம். பார்த்ததும் தானியம் அளக்கிற நம்ம படி என்று நினைத்தேன். அளந்து போடச் சொல்கிறது என்று அழுத்தினேன். உளுந்தும் போச்சு, ஆற்றிங்ஙலும் போச்சு. அது குப்பைத்தொட்டியாம்.

கூட வேலை பார்க்கும் மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அவன் கையில் போனைக் கொடுத்தார்கள். அவனும் அதே படியை அழுத்தினான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். ரெம்யா மேடம் சொன்னார்கள்: "சேட்டா, பயம் வேண்டா. நீங்க தடுமாறினா அது எங்க தப்பு. உங்க தப்பு அல்ல."

இப்படி ஒரு வார்த்தையை என்னிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? பேங்கில் பாரத்தைத் தப்பாக எழுதினால் என் தப்பு. ஆஸ்பத்திரியில் தப்பான வரிசையில் நின்றால் என் தப்பு. இவர்கள் படிக்கிற படிப்பில் மட்டும் தப்பு திரும்பிப் படித்தவர்கள் பக்கம் போகிறது. என்ன படிப்புடா சாமி இது!

பிப்ரவரி 19, புதன்

நேற்று பெருமையாக எழுதிவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. உலகு பின்னால் நின்று என் தடுமாற்றத்தை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாளே, அதையெல்லாம் கம்பெனிக்காரர்களிடம் காட்டுவாள்தானே? கட்டினவனாலேயே பார்க்க முடியாததை மற்றவன் எப்படிப் பார்ப்பான் என்று அவர்கள் நினைத்துவிட்டால்?

என்னால் அவள் வேலை போகக் கூடாது.

பிப்ரவரி 24, திங்கள்

குப்பைத்தொட்டியை எடுத்துவிட்டு, 'நீக்கு' என்று தமிழிலேயே எழுதிவிட்டாள். அடுத்த சோதனை புதன்கிழமை.

அவள் துணி துவைக்கும் நேரத்தில் செயலி இருக்கும் அவள் போனை எடுத்துப் பழகினேன். திருட்டுத்தனம்தான், நல்லதுக்குத்தானே? பிறகு கிட்டங்கியில் மகாராஜாவையும் கொல்லத்துக்காரன் சஜியையும் உட்கார வைத்து, திரையின் மேல் வரியை வீடாகவும் பச்சைப் பொத்தானைக் கதவாகவும் வைத்துக் கதையாகவே சொல்லிக்கொடுத்தேன். "மேல் வீட்டுக்காரன்தான் எப்பவும் மொதலாளி. அவன் கதவத் தட்டு. உள்ள போ. மூட்டைய எடுத்து வை. பச்சைக் கதவு வழியா வெளிய வந்துரு. வேற எங்கயும் பாக்காத." கதை சொல்ல எனக்கா தெரியாது? சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வந்தது.

பிப்ரவரி 26, புதன்

ஒருத்தனும் தடுமாறவில்லை! ரெம்யா மேடம் முகத்தில் ஆச்சரியம். உலகு வீட்டுக்கு வந்து பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

மார்ச் 5, புதன்

பெண்கள் பொங்கல் வைக்கும் பொங்காலைத் திருவிழா நெருக்கம். சாலையில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் மண்பானை, பச்சரிசி, வெல்லம். இந்த நெருக்கத்தில்தான் இன்று முதல்முறை நிஜமான சரக்குக்கு உலகுவின் செயலியை வைத்துக்கொண்டோம். முதலாளி ஆறுமுகநயினார் அண்ணாச்சி அரைமனதாக ஒத்துக்கொண்டிருந்தார்.

விழிஞ்ஞம் ஓட்டல்காரருக்குத் துவரம்பருப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றிங்ஙல் கடையின் உளுந்து வந்து மேலே உட்கார்ந்துகொண்டது. புதிதாக வருவது மேலே வரும், பழையது கீழே இறங்கும். ஒற்றைச் சரக்கை வைத்துப் பழகினதால் அது எனக்குத் தெரியவே இல்லை. மகாராஜா பேரைப் பார்க்கவில்லை. மேல் வீட்டுக்காரன்தானே மொதலாளி, தட்டிவிட்டான்; கையில் இருந்த பருப்பு ஆற்றிங்ஙல் பேரில் ஏறிவிட்டது, அடுத்து எடுத்த உளுந்து மீதி இருந்த விழிஞ்ஞம் பேரில். உளுந்து விழிஞ்ஞத்துக்கும் பருப்பு ஆற்றிங்ஙலுக்கும் போய்ச் சேர்ந்தது.

அண்ணாச்சி போனைத் தூக்கி மேசையில் எறிந்தார். "என்னவே இது? சாம்பாருக்குப் பருப்பு கேட்டவன் இட்லிக்கு உளுந்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்! இனி இந்தக் கம்ப்யூட்டரு என் கடைக்குள்ள வரப்பிடாது."

மார்ச் 6, வியாழன்

உலகு நேற்று சாப்பிடவே இல்லை. இன்று பயிற்சிக்கு லீவு போட்டுவிட்டுப் பழைய குறிப்பையெல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தான், ரெண்டாம் சோதனையில மூணு பேரும் ஒரே மாதிரி அழுத்தியிருக்கிய. ஒரு இடத்துலகூட யோசிக்கல. அது எப்படி?"

நான் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அவள் சும்மா இருந்தாள். சும்மா இருக்கத்தான் இந்தப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே. என்னால் தாங்க முடியவில்லை. எல்லாத்தையும் சொன்னேன். கதவு, மொதலாளி, பச்சை, எல்லாம்.

"எதுக்கு?"

"ஒனக்குத்தான பிள்ள... ஒனக்கு வேல கெடைக்கணும்னுதான..."

"நீங்க பேரத் தேடித் தடுமாறியிருந்தா அந்தத் தப்ப அன்னிக்கே கண்டிருப்பேன் அத்தான். என்னத் தோக்க விட்டிருக்கணும்."

அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு இருக்காது. நான் என்ன செஞ்சி வச்சிருக்கேன்? உதவின்னு நெனச்சி அவ கண்ணையில்லா கட்டியிருக்கேன்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணாச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொஞ்சாதிக்கு பிட்டு அடிக்க ஒத்தாச செஞ்சவன ஒன்னத்தான்வே இப்பப் பாக்கேன்." பிறகு, பொங்காலை முடியட்டும், இன்னொரு தடவை பார்க்கலாம், ஆனால் கடைச் சரக்கில் கை வைக்கக் கூடாது என்றார். அது போதும்.

மார்ச் 17, திங்கள்

மூன்றாம் சோதனை. திறந்திருக்கிற சரக்கு இப்போது நகராது. புதிதாக வருவது கீழே போய் வரிசையில் நின்று மணி அடிக்கிறது. மூட்டை எடுக்கும்போது கடைக்காரர் பேர் பெரிதாக நிற்கிறது.

சொல்லிக்கொடுத்த கையை வைத்து எதுவும் நிச்சயமாகாது என்று, எங்கள் மூவரையும் விட்டுவிட்டு, பக்கத்துப் பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் ரத்னாபாய் அக்காவைக் கூட்டிவந்தாள். அக்கா இரண்டு இடத்தில் நின்று முழித்தார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். உலகு பின்னால் நின்று, அவர் முழித்ததை எழுதிக்கொண்டே சிரித்தாள். நாட்டுவைத்தியர் நாடி பிடித்து நோவைக் கண்டுகொண்ட சிரிப்பு மாதிரி இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

கம்பெனிக்காரர்கள் முன்னால் இன்று காட்டினாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே நடந்ததை ரெம்யா மேடம் வந்து சொன்னார்கள். இரண்டாம் சோதனை பொய்யாகிவிட்டது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று உலகுவே எழுந்து சொன்னாளாம். யார் பொய்யாக்கினது என்று கேட்டார்களாம். "என் வீட்டுக்காரர்" என்றாளாம். உள்ளே எல்லாரும் சிரித்தார்களாம்.

"மேடம், சொல்லாம விட்டிருந்தா?"

"ஆர்க்கும் தெரியாது, சேட்டா" என்றார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கிழக்கேகோட்டையில் இறங்கும் வரைக்கும் நான் அசையவில்லை.

மார்ச் 28, வெள்ளி

வடிவமைக்கிற வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

அதே கம்பெனியிலிருந்து போன் வந்தது. செய்து முடித்ததைச் சோதித்துப் பார்க்கும் பிரிவுக்கு ஆள் வேண்டுமாம். வருவாயா என்று கேட்டார்களாம். கேட்டு முடிக்கும் முன்னால் வருகிறேன் என்றாளாம்.

ஜூன் 2, திங்கள்

மழை பிடித்துவிட்டது. கிட்டங்கியில் தார்ப்பாய் மாற்றினோம்.

மத்தியானம் உலகுவிடமிருந்து போன். "அத்தான், இன்னிக்கு ஒண்ணு பிடிச்சேன்! யாரும் காணாதது. பெரிய சார் எந்திரிச்சு வந்து பாத்தாரு." ஏதோ மீன் பிடித்த குரல். நான் ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"தப்பு கண்டுபிடிக்கதுக்கா சம்பளம்?" என்றார். "எங்க வீட்டுல நாப்பது வருசமா சும்மால்லா செஞ்சிட்டிருக்கா!"

கடையே சிரித்தது.

இப்போது மணி ஏழரை. கழக்கூட்டம் பஸ் மழையில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னாள். சோறு வடித்துவிட்டேன். ரசம் கொதிக்கிறது.