பச்சை எர்த் இல்லை

ஜூன் 11, புதன்

காலை எட்டு மணிக்கே வெயில். தண்ணி லாரி வரவில்லை.

ரெக்கார்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கும் டோன் ஆர்முக்குப் புது ஒயர் போட்டு முடித்தாயிற்று. நாலு நாள் வேலை. தலைமுடி கனத்தில் ஐந்து ஒயர்: சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை, கறுப்பு. ரெண்டு தடவை அறுந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். கை நடுங்குவது இப்போதுதான் தெரிகிறது.

மதியம் போட்டுப் பார்த்தேன். பாட்டு வந்தது. கூடவே உர்ரென்று ஒரு ஹம். வலது ஸ்பீக்கரில் அதிகம்.

மேல் வீட்டு லலிதா அக்கா படியில் நின்று, "சார், சம்ப் மோட்டர் ஆஃப் பண்ணலியா? ரொம்ப நேரமா ஓடிட்டே இருக்கு போல." அது சர்ச் கொயர் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

எஸ்தர் பக்கத்திலேயே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள். சிலேட்டைத் தொடவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஹம் போகவில்லை. பார்த்தவை:
ஃபேன் ஆஃப். அப்படியே.
ஃப்ரிட்ஜ் ஆஃப். அப்படியே. (திரும்ப ஆன் பண்ண மறந்து பால் திரிந்தது.)
ஆம்ப்ளிஃபயருக்கு வேறு பிளக் பாயிண்ட். அப்படியே.
ஆர்மைக் கையால் தொட்டால் கூடுகிறது.

பால் திரிந்ததற்கு எஸ்தர் முறைத்தாள். வெறும் முறைப்பு. முன்பென்றால் தெருமுனை வரைக்கும் கேட்கும். திட்டு வாங்கி ஐந்து மாசம் ஆகிறது. ஜனவரியில் ஆபரேஷன். கான்சரோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் இப்போது மூச்சு. பேச்சு, பிள்ளைகள் கிறுக்கும் எலக்ட்ரிக் சிலேட்டில். என்னைக் கூப்பிட டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு. அவசரம் என்றால் ரெண்டு.

அந்த ரெக்கார்ட் எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவள் பாடின சர்ச் கொயர் போட்டது. இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு, நடுவில் நாலு வரி அவள் தனியாக. அவள் குரல் என்று வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். செல்போனில் பேசினதை எல்லாம் யார் எடுத்து வைத்தார்கள். எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆஸ்பத்திரி, ரிவ்யூ. டோக்கன் 41.

டாக்டர்: "எல்லாம் நல்லா இருக்கும்மா. அந்த மெஷின்ல பேசிப் பழகுறீங்களா?" எஸ்தர் ஆமாம் என்று தலையாட்டினாள். பச்சைப் பொய். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தவள். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

மெஷின் என்பது டார்ச் லைட் அளவு. தொண்டையில் அழுத்தி வாயை அசைத்தால் உர்ரென்று பேச்சு வரும். மார்ச்சில் ஒரே ஒரு தடவை, "தண்ணி" என்றாள். மோட்டர் பேசினது போல இருந்தது. என் முகத்தில் எதைப் பார்த்தாளோ. சிலேட்டில், "இது நான் இல்ல." மெஷின் டப்பாவுக்குள் போயிற்று, டப்பா பீரோவுக்குள், புடவைக்கு அடியில். அந்த முகத்தை நான் காட்டியிருக்கக் கூடாது.

திரும்பும்போது பெருங்களத்தூரில் முக்கால் மணி நேரம் டிராஃபிக். என் தோளில் தூங்கிவிட்டாள்.

ஒன்றை இங்கேயாவது ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் கேட்கட்டும் என்றுதான் ஒயர் மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். கேட்க வேண்டியிருந்தது எனக்குத்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஆரம்பித்தேன்.

ஜூன் 14, சனி

காலையில் பொழிச்சலூர் கண்ணனுக்குப் போன். கல்யாண மண்டபங்களுக்கு சவுண்ட் சர்வீஸ் பண்ணினவர். ஆர்மின் அடிமுனையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"சார், இரு, ஃப்ளைட்டு போவுது." ஒரு நிமிஷம் விமானம் மட்டும். பிறகு, "பச்சைய எங்க குத்திகீற?"

"எர்த்ல."

"கறுப்பு?"

"பச்சை இருந்த இடத்துல. கறுப்பு நியூட்ரல்தானே?"

சிரிப்பு. "இன்னா சார் நீ, வூட்டு ஒயரிங் பண்ணி வெச்சிகினு பேஜார் பண்ற. இங்க பச்சை எர்த்து இல்ல. அது ரைட் சைடு பாட்டு திரும்பிப் போற ஒயரு. கறுப்புதான் எர்த்து. ரெண்டையும் மாத்திப் போடு."

பழக்க தோஷம். முப்பத்திரண்டு வருஷம் பச்சையைப் பார்த்தாலே எர்த். மேல்முனையில் ஊசி பக்கம் நிறம் பார்த்துச் சரியாக மாட்டியவன், அடிமுனையில் யோசிக்காமல் கை போன போக்கில் பற்றவைத்திருக்கிறேன். மாற்ற கால் மணி நேரம்.

பதினொன்றரைக்கு ஆன். உர்ர் இல்லை. ஊசி ஓடும் சின்னக் கரகரப்பு மட்டும். எஸ்தரைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தாள். இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. கொயர் ஓய்ந்தது. அவள் குரல், முதல் வரி. கூடத்தில் நின்று பாடுவது போலத் தெளிவாக. பாடுவதற்கு முன் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது, மூக்கால்.

எஸ்தர் எழுந்து ஆர்மைத் தூக்கிவிட்டாள். இரண்டு விரலால், கீறல் விழாமல். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாம்பார் சூடு பண்ணி வைத்தேன். சாப்பிடவில்லை. சாயங்காலம் டம்ளரில் ஒரு தட்டு. சிலேட்டு: "பச்சையப் பழையபடி வைங்க."

ஏன் என்றேன். அதையே அடிக்கோடு போட்டுக் காட்டினாள்.

ஜூன் 15, ஞாயிறு

லேசான தூறல். எஸ்தர் சர்ச்சுக்குப் போகவில்லை, ஜனவரியிலிருந்தே போவதில்லை. நானும் போகவில்லை.

பச்சையை எர்த்தில், கறுப்பைப் பச்சையின் இடத்தில். தெரிந்தே தப்பாக ஒயரிங் பண்ணுவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கண்ணனிடம் சொல்லப்போவதில்லை.

பத்து மணிக்கு இரண்டாம் பக்கம். உர்ர், பழையபடி. உள்ளே பீரோ திறக்கும் சத்தம். எஸ்தர் வந்து எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தது தெரிந்தது. கொயர் ஓய்ந்தது. அவளுடைய நாலு வரி தொடங்கியது, உர்ருக்கு அடியில் மங்கலாக.

ஹம் திடீரென்று கூடியது. பற்றவைத்த இடம் விட்டுவிட்டதோ என்று ஆர்ம் பக்கம் குனிந்தேன். ஒயர் எல்லாம் சரியாக இருந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை, என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

மெஷினைத் தொண்டையில் அழுத்தி, ரெக்கார்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். ராகம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, எல்லாம் ஒரே உர்ர். வார்த்தைகள் மட்டும் ஒவ்வொன்றாகப் புரிந்தன. நாலு வரியும் பாடினாள். கொயர் திரும்பச் சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை.

நான் ரிப்பேர் பார்ப்பவன் போல ஒயரையே பார்த்துக் குனிந்திருந்தேன். திரும்பியிருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பாள்.