ஐம்பத்திரண்டு என்று நான் சொன்னது

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதி,
கிளிநொச்சி.
17.06.2025

அன்பின் பிரேமிளாவுக்கு,

உன் தொலைபேசி அணைந்தே கிடக்கிறது. அதனால், முதல் நாள் என் கொப்பியின் பின்பக்கத்தில் நீ எழுதித் தந்த நாயாற்று விலாசத்துக்கு இதைத் தபாலில் போடுகிறேன். அப்பாவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? இந்த மாதம் உங்கள் பக்கம் கடல் அமைதி, மீனும் நன்றாகப் படுகிறது என்று சமையல் அக்கா சொன்னார்.

இங்கே ஒரே சோளகக் காற்று. காயப்போட்ட உடுப்பெல்லாம் புழுதி. தண்ணீர் காலையில் ஒரு மணித்தியாலம்தான் வருகிறது. விடுதிப் பொறுப்பாளர் உன் கட்டிலைப் பற்றி இரண்டு தரம் கேட்டார். வருவாள் என்று மட்டும் சொன்னேன்.

நீ போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு என்று சொல்லி, மூன்று நாளில் வருவேன் என்றுதான் போனாய். பத்து நாளைக்கு முன் முல்லைத்தீவுக்குப் போய்வந்த பிரசாந்தன் அண்ணா, மூன்றாம் வருடம் படிக்கிறாரே அவர்தான், உன்னை டவுனில் ஒரு புடவைக்கடையில் சேலை மடித்துக்கொண்டு நிற்கக் கண்டதாகச் சொன்னார். கூப்பிட்டும் நீ உள்ளே போய்விட்டாயாம். நீ திரும்பி வரும் யோசனையில் இல்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நேரே சொல்லத் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

புள்ளிவிபரவியல் சோதனைப் பெறுபேற்றை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்களே, அதில் பெயர்கள் இல்லை, பதிவிலக்கங்கள் மட்டும்தான். அன்று நீ கட்டிலில் இருந்துகொண்டு, "எனக்குப் பதினேழு. உனக்கு எவ்வளவடி?" என்று கேட்டாய். நான் ஐம்பத்திரண்டு என்றேன். "பாத்தியா, பயந்து பயந்தே நீ பாஸ் பண்ணிப்போட்டாய்" என்று சிரித்தாய்.

பிரேமிளா, எனக்கு இருபத்தியொன்று.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளும் யோசித்துப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து எனக்காக வாய் திறந்தது நீதான். படிவம் கேட்டதும் நீ, கன்ரீனில் தேநீர் கேட்டதும் நீ. நான் பேசினால், செட்டிகுளத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் மாறாத எங்கள் வீட்டுப் பேச்சு வந்துவிடும், மலைநாட்டுக்காரி என்று சிரிப்பார்கள் என்ற பயத்தில் உன் பின்னாலேயே நின்றேன். ஒரு விடயத்திலாவது உன் தயவு இல்லாதவளாக இருக்க ஆசைப்பட்டேன் போல. வாயில் வந்த இலக்கத்தைச் சொன்னேன். அடுத்த நாள் காலையில் நீ பையைக் கட்டினாய். பஸ் நிலையம் வரைக்கும் உன்னோடு வந்தேன். அங்கேயும் சொல்லவில்லை.

பிரசாந்தன் அண்ணா சொன்னதைக் கேட்ட மறுநாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு எங்கள் மாடியில் அறை அறையாகப் போனேன். ஆம், நான்தான். முதல் கதவைத் திறந்தது உருத்திரபுரத்து யதுர்ஷிகா. பயத்தில் எங்கள் வீட்டுப் பேச்சுத்தான் வந்தது: "எனக்கு இருபத்தொன்னு. உங்களுக்கு எவ்வளவுங்க?" அவள் சிரிக்கவில்லை. "பதினாலு. வீட்டில இன்னும் சொல்லேல்ல" என்று அழத் தொடங்கினாள். எங்கள் மாடியில் உள்ள பதினாறு பேரில் பதினொரு பேர் நாற்பதுக்குக் கீழே. தான் ஒருத்திதான் தோற்றேன் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள்.

அந்தத் தாளோடு, புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் தில்லைநாதன் சேரின் அறைக்குப் போனேன். இரண்டு தரம் கதவு வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் அவரே வெளியே வந்துவிட்டார். "என்ன பிள்ளை, கதவடியில நிண்டு என்ன செய்யிறீர்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயரையும் சேர்த்து. உன் விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். கூட்டலில் எங்கேயாவது பிழைத்திருக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை. இல்லை, பதினேழு பதினேழுதான். ஆனால், "இந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியுது. இங்கிலிஷில என்ன கேட்டிருக்கெண்டுதான் விளங்கேல்ல" என்றார். இந்தச் சோதனைக்கு இருபது வீதம்தான், மிச்சம் எல்லாம் கடைசிப் பரீட்சைக்கு.

புதன்கிழமைகளில் நாலு மணிக்குக் கேள்விகளைத் தமிழில் விளங்கப்படுத்த ஒத்துக்கொண்டிருக்கிறார். முதல் வகுப்புக்கு இருபத்தேழு பேர் வந்தார்கள். நான் ஒரு கேள்வியும் கேட்டேன். தேநீரை நானே கேட்டு வாங்குகிறேன். ஒரு நாள் சீனி போடாமல் தந்துவிட்டார்கள். திருப்பிக் கேட்க வாய் வரவில்லை, அப்படியே குடித்தேன்.

செட்டிகுளத்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். "நூத்துக்கா?" என்று கேட்டார். பிறகு, "சரி, சாப்புட்டியா?" என்றார்.

இனி முக்கியமான விடயம். உன் வகுப்பு வரவு குறைந்துகொண்டு போகிறது. வருகிற திங்கட்கிழமை, 23ஆம் திகதி வகுப்பில் நீ இருந்தால் பரீட்சை எழுதலாமாம். அதற்குப் பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சேர் சொல்லிவிட்டார். கடை வேலை உனக்குப் பிடித்திருந்தால் அது உன் விருப்பம், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் என் பொய்யைக் கேட்டு நீ எடுத்த முடிவாக அது இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நிற்பேன். முல்லைத்தீவிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்ப்பேன். என்னை ஏச வேண்டுமென்றால் எல்லாருக்கும் முன்னால் ஏசு. என்னோடு கதைக்க விருப்பமில்லை என்றால் கதைக்காதே, பையை மட்டும் என்னிடம் தா, தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன்.

உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். அவர்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். வா, பிரேமிளா.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
கஜேந்தினி