பதினொரு வசனம்

டிசம்பர் 18, வியாழன்

காலையில் ஜெகதீஸ்வரன் தம்பி போன் செய்தார். போன வருடம் எங்கள் கோட்டைக்குப்பத்தில் வந்து படம் எடுத்த டைரக்டர். இந்த சீசனின் முதல் விருதுகளை விமர்சகர்கள் சங்கம் அறிவித்துவிட்டதாம். சிறந்த துணை நடிகை எங்கள் படத்திலிருந்துதானாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "நன்றி தம்பி" என்றேன்.

"இல்லம்மா... கஸ்தூரியம்மாவுக்கு" என்றார்.

பக்கத்துக் குப்பமான தோணிரேவு கஸ்தூரியம்மாள். கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரிக்குள் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள். படத்திலும் அதையேதான் செய்தாள். மாமியாராக நடித்த எனக்கு, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டருக்கு, பதினொரு வசனம். அவளுக்கு ஒன்றுகூட இல்லை.

கிறிஸ்துமஸ் கேக்குக்குத் திராட்சை ஊறவைக்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 20

மீன் கொண்டுவந்த பச்சைமுத்து பேசிய பிறகு மனம் தெளிந்தது.

"இன்னாத்துக்கு போஸ்ட்மாஸ்டரம்மா மூஞ்ச தூக்கினுகீற? நம்ம பாடு மாதிரிதான இதுவும். மொதல்ல கஸ்தூரிக்கின்னா அடுத்தது உனக்குதான்."

சரிதானே. ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பாடு என்று முறை உண்டு. இன்று ஒரு கூட்டம் போட்டால் நாளை அடுத்த கூட்டம். ஒரே ஆள் இரண்டு நாள் போட்டால் பஞ்சாயத்து கூடிவிடும். ஊர் முழுக்க இதே பேச்சுதான். சென்னையிலும் நியாயம் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்களா?

அடுத்த விருது ஜனவரி ஒன்பதாம் தேதி. நீலப் பட்டுப்புடவையைக் காற்றாட விரித்துவைத்தேன்.

ஜனவரி 9

மறுபடியும் கஸ்தூரி.

ஜனவரி 10

தம்பியைக் கூப்பிட்டு, முறை என்று ஒன்று கிடையாதா என்று கேட்டேன். சிரித்தார். "இது நேர் எதிர்மா. மொத விருது யாருக்குப் போகுதோ, மத்த நடுவர்களும் அவங்களைத்தான் உத்துப் பாப்பாங்க. ஆரம்பத்துல அடிக்கிற காத்து கடைசி வரைக்கும் அடிக்கும்."

அதாவது, முன்னவர் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்துப் பின்னவர் போடுவது. எங்கள் கான்வென்டில் இதற்கு முட்டிபோட வைப்பார்கள்.

ஜனவரி 17

தம்பி நேரிலேயே வந்தார். பிப்ரவரியில் வரும் பெரிய விருதுக்கு எங்கள் இருவர் பெயரும் ஒரே பிரிவில் போயிருக்கிறதாம். ஓட்டுப் பிரிந்தால் இருவருக்குமே இல்லை. நான் விலகிக்கொள்வதாக ஒரு கடிதம் வேண்டும். டைப் செய்தே கொண்டுவந்துவிட்டார்.

காபி கொடுத்தேன். பதில் கொடுக்கவில்லை.

எழுபத்திரண்டு வயது. இனி எனக்கென்று ஒரு படம் வரப்போகிறதா? நான் எதுக்கு ஒதுங்கணும்? அவ ஒதுங்கட்டுமே. அவதான் ரெண்டு வாங்கிட்டாளே —

ஜனவரி 18, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் டிவியில் படத்தைப் போட்டேன். இதுவரை என் காட்சிகளை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இன்று முழுவதும்.

மருமகளாக நடித்த பெண் பேசும்போது என் உதடும் சேர்ந்து அசைகிறது. அவள் வசனத்தையும் மனப்பாடம் செய்திருந்தேன் அல்லவா. அவள் எப்போது முடிப்பாள், நான் எப்போது தொடங்கலாம் என்று காத்திருக்கிறேன். உச்சரிப்பு மட்டும் சுத்தம்.

அடுத்த காட்சியில் கஸ்தூரிக்கு அவள் மகன் செத்த செய்தியைக் கரையிலிருந்து கத்துகிறார்கள். கஸ்தூரி தண்ணீரில் நிற்கிறாள். கூடையைப் பல்லிலிருந்து எடுக்கவில்லை. தாடை மட்டும் இறுகுகிறது. கைகள் தண்ணீருக்குள் இன்னும் தடவிக்கொண்டிருக்கின்றன.

டிவியை அணைத்துவிட்டுத் தம்பி வைத்துவிட்டுப் போன கடிதத்தை எடுத்தேன்.

ஜனவரி 19

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கடிதத்தில் இருந்த இரண்டு பிழைகளையும் திருத்தித்தான்.

பிப்ரவரி 19

கஸ்தூரி வந்து வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"சனிக்கெழம அந்த பெரிய அவார்ட நீ போய் வாங்கியா போஸ்ட்மாஸ்டரம்மா. ரெண்டு தபா போய் குந்தினு வந்தேன், இடுப்பு போச்சி. ஏரில இப்பதான் நல்ல இறாலு."

"கிடைக்கும் என்று உனக்கு யார் சொன்னது?"

"கெடைக்காங்காட்டி இன்னா? உன் பட்டுப்பொடவய நாலு பேரு பாப்பாங்கல்ல."

கேலிதான். சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்று அவள் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்றாம் வரியிலிருந்து எல்லாம் என்னைப் பற்றி. காகிதத்தைப் பிரிக்கவில்லை. "இது தோணிரேவு கஸ்தூரியம்மாளுடையது. நாளைக்கு அவர் கையில் சேர்த்துவிடுவேன்" என்று மட்டும் சொல்லி இறங்கினேன்.

இன்று சேர்த்துவிட்டேன். கனம் பார்த்து, "நல்லா கீது" என்றாள்.

பிப்ரவரி 23

பத்திரிகையில் போட்டோவுக்குக் கீழே: 'கஸ்தூரியம்மாள் சார்பில் அவருடைய அக்கா விருதைப் பெற்றுக்கொண்டார்.' என் பெயர் இல்லை. அக்காவாம். ஆசிரியருக்குத் திருத்தம் எழுத அஞ்சலட்டையை எடுத்து, விலாசம் வரைக்கும் எழுதிவிட்டேன்.

தெருவில் இறால் கூடையோடு போன கஸ்தூரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "யக்கா, பேப்பர்ல போட்டுகீறான், பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

அட்டையின் மறுபக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதிவிட்டேன்.